உறை சொல்லும், துளை கேட்கும்

1995-ஆம் ஆண்டு 'சயின்ஸ்' இதழில் ஒரு சோதனை வெளியானது. ஆப்பிரிக்க நகத்தவளையின் முதிராத முட்டையிலிருந்து உட்கருவை முழுசாகப் பிரித்தெடுத்தார்கள். ஒளிரும் சாயம் ஏற்றிய டெக்ஸ்ட்ரான் என்ற சர்க்கரைச் சங்கிலி கலந்த கரைசலில் அதை இட்டார்கள். ஒவ்வொரு சங்கிலியின் எடையும் சுமார் 10,000 டால்டன். ஒரு நீர் மூலக்கூறின் எடையைப் போல ஏறக்குறைய 550 மடங்கு. உட்கருவைச் சுற்றியுள்ள உறையெங்கும் துளைகள். இந்த அளவுள்ள பொருள் அந்தத் துளைகளில் தாராளமாகப் போய்வரும் என்பதுதான் அன்றைய பாடம். பாடம் பொய்க்கவில்லை, சாயம் உள்ளே போனது. அடுத்து, உறைக்குள் சேமிப்பில் இருந்த கால்சியத்தை வடித்துவிட்டு மறுபடி செய்து பார்த்தார்கள். சாயம் வெளியிலேயே நின்றுவிட்டது.

இதில் மலைக்க வைக்கும் விஷயம், கால்சியம் இருந்த இடம். அது துளையின் வழியில் இல்லை. துளைகள் அமைந்திருக்கும் உறையின் உட்புறத்தில், மூலக்கூறுகள் போகும் பாதையைத் தொடாத ஓர் இடைவெளியில் இருந்தது. உறையின் வயிறு காலியானதும் துளையின் வாய் அடைத்துக்கொண்டது என்றால், துளையை வெறும் ஓட்டை என்று இனி எப்படிச் சொல்வது? உறை தன் நிலைமையைத் துளைக்கு ஏதோ ஒரு வழியில் தெரிவிக்கிறது. துளை அதற்கேற்ப உருமாறுகிறது. அந்த வழி எது என்று தேடிப் போன கதை இது.

இரு படலமும் நடுவே ஓர் இடைவெளியும்

நம் செல்லின் டி.என்.ஏ. ஏறக்குறைய முழுவதும் உட்கருவுக்குள் இருக்கிறது. புரதம் கட்டும் வேலை வெளியே, சைட்டோபிளாசத்தில் நடக்கிறது. ஆகவே இரண்டுக்கும் இடையே போக்குவரத்து ஓயாது. டி.என்.ஏ.விலிருந்து படியெடுத்த ஆர்.என்.ஏ. வெளியே வர வேண்டும். ஜீன்களை முடுக்கும் புரதங்கள் உள்ளே போக வேண்டும். இத்தனைக்கும் உள்ள ஒரே வழி, உறையில் உள்ள துளைகள். மனிதச் செல் ஒன்றின் உட்கருவில் அவை சில ஆயிரம் இருக்கும்.

இந்தத் துளைகளை முதலில் கண்டவர்கள் காலன், டாம்லின் என்ற இரு ஆய்வாளர்கள். 1950-இல் நீர்நில வாழ்விகளின் முட்டை உட்கருவை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, உறை இரண்டு அடுக்குகளாக இருப்பதும் அதில் துளைகள் நிறைந்திருப்பதும் தெரிந்தன. அன்று தொடங்கி இந்தத் துறைக்குத் தவளை முட்டைதான் ஆகிவந்த பொருள். நகத்தவளையின் முட்டைச் செல் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டும். அதன் உட்கரு அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. வெறுங்கண்ணால் பார்க்கலாம், மெல்லிய இடுக்கியால் வெளியே எடுக்கலாம். அந்த ஒற்றை உறையில் ஏறத்தாழ 5 கோடித் துளைகள் இருக்கின்றன.

உறையின் அமைப்பைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். உள்ளே ஒரு படலம், வெளியே ஒரு படலம், நடுவே 30 முதல் 50 நானோமீட்டர் இடைவெளி. வெளிப்படலம் அப்படியே நீண்டு, செல்லெங்கும் பரவியிருக்கும் எண்டோபிளாச வலையாக ஆகிறது. எனவே உறையின் இடைவெளியும் வலையின் உட்பகுதியும் தொடர்ச்சியான ஒரே அறை. துளை அமையும் இடத்தில் இரண்டு படலங்களும் வளைந்து ஒன்றோடொன்று சேர்ந்துவிடுகின்றன. துளை வழியே கடக்கும் மூலக்கூறு அந்த இடைவெளிக்குள் நுழைவதே இல்லை. ஆனால் துளையைச் சுற்றி நாலாபுறமும் அந்த இடைவெளிதான்.

துளையின் கட்டமைப்பும் சாதாரணமானதல்ல. நியூக்ளியோபோரின் எனப்படும் புரதங்களில் சுமார் 30 வகை, மொத்தமாக ஏறத்தாழ 1,000 மூலக்கூறுகள் சேர்ந்து ஒரு துளையைக் கட்டுகின்றன. குறுக்களவு 120 நானோமீட்டர் அளவில் இருக்கும். மேலிருந்து பார்த்தால் எட்டு ஒத்த பகுதிகள் வட்டமாக நிற்கும். புரதம் கட்டும் ரைபோசோமே செல்லில் பெரிய அமைப்புதான். முதுகெலும்பிகளின் உட்கருத் துளை அதைவிட 25 மடங்குக்கும் மேல் எடை கொண்டது.

துளையின் நடுப்பாதை காலியாக இல்லை. சுற்றியுள்ள புரதங்களிலிருந்து ஒழுங்கான வடிவமில்லாத நீண்ட இழைகள் உள்நோக்கி நீண்டு பின்னிக் கிடக்கின்றன. அவற்றில் ஃபினைல்அலனின், கிளைசின் என்ற இரு அமினோ அமிலங்கள் இணைஇணையாகத் திரும்பத் திரும்ப வரும். சிறு மூலக்கூறுகள் இந்த இழைகளின் ஊடே கசிந்து போய்விடும். சுமார் 40,000 டால்டனைத் தாண்டும் புரதங்கள் அப்படிப் போவது கடினம். அவற்றை இம்போர்ட்டின் போன்ற சுமக்கும் புரதங்கள் ஏற்றிக்கொண்டு, இழைகளைத் தொட்டுத் தொட்டு விட்டபடி கடத்திச் செல்கின்றன. ஒரு துளையில் ஒரு நொடிக்கு ஆயிரம் கடத்தல் வரை நடக்க முடியும்.

கால்சியம் ஏன் அடைத்து வைக்கப்படுகிறது?

வளர்ந்த மனித உடலில் சுமார் ஒரு கிலோ கால்சியம் இருக்கிறது. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு எலும்பிலும் பல்லிலும். மீதி ஒரு பங்கின் முக்கியத்துவம் 1883-இல் லண்டனில் வெளிப்பட்டது. சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர் தவளையின் இதயத்தை உப்புக் கரைசலில் துடிக்க வைத்து ஆராய்ந்துவந்தார். கரைசலைக் குழாய்த் தண்ணீரில் கலந்தால் இதயம் துடித்தது, காய்ச்சி வடித்த நீரில் கலந்தால் அடங்கியது. லண்டன் குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியம்தான் காரணம் என்று கண்டறிந்தார்.

செல்லுக்கு வெளியே உள்ள திரவத்தில் கால்சியம் நிறைய உண்டு. சைட்டோபிளாசத்தில் அதன் செறிவு அதைவிடப் பத்தாயிரம் மடங்கு குறைவு. செல் மெனக்கெட்டுத்தான் இந்த வேறுபாட்டைக் காக்கிறது. செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. முதல் டி.என்.ஏ. வரை எல்லாவற்றிலும் பாஸ்பேட் இருக்கிறது. கால்சியம் பெருகினால் பாஸ்பேட்டோடு சேர்ந்து கரையாத உப்பாகப் படிந்துவிடும். அதனால் புரத எந்திரங்கள் ஆற்றலைச் செலவழித்து, வந்த கால்சியத்தை வெளியே தள்ளியபடியோ எண்டோபிளாச வலைக்குள் இறைத்தபடியோ இருக்கின்றன.

தற்காப்புக்காகச் செய்த இந்த ஏற்பாட்டில் இன்னொரு லாபமும் கிடைத்தது. உள்ளே அளவு மிகக் குறைவு என்பதால், சிறிது கால்சியம் கசிந்தாலே அது பெரிய மாற்றம். தசை சுருங்குவது, நரம்பு முனை வேதிப்பொருளை விடுவிப்பது, விந்து சேர்ந்ததும் முட்டை விழித்துக்கொள்வது எல்லாமே இந்தக் கசிவை அடையாளமாகக் கொண்டு நடப்பவை. பல ஹார்மோன்கள் செல்லின் வெளிப்புறத்தைத் தொட்டதும் உள்ளே ஐ.பி.3 என்ற சிறு மூலக்கூறு உருவாகிறது. அது எண்டோபிளாச வலையின் கால்சியக் கதவுகளைத் திறந்துவிடும் என்பது 1983-இல் தெரியவந்தது.

வலையும் உட்கரு உறையும் ஒரே அறை என்பதை இங்கே பொருத்திப் பாருங்கள். உறையின் இடைவெளியும் கால்சியக் கிடங்குதான். ஐ.பி.3 வந்து கிடங்கைத் திறந்தால், உட்கருத் துளைகளைச் சூழ்ந்திருக்கும் கால்சியமும் வற்றும்.

காலியான கிடங்கு, அடைத்த துளை

தவளை முட்டைச் சோதனையைச் செய்தவர்கள் அமெரிக்காவின் மேயோ நிறுவனத்தில் டேவிட் கிளாபம் குழுவில் இருந்த லிசா ஸ்டெனோ-பிட்டலும் கார்மென் பெரஸ்-டெர்சிக்கும். கால்சியத்தை இரண்டு வழிகளில் வடித்தார்கள். ஒன்று, செல்லின் சொந்த வழியான ஐ.பி.3, மற்றொன்று, கால்சியத்தைப் பற்றிக்கொள்ளும் வேதிப்பொருள்கள். இரண்டிலும் முடிவு ஒன்றே. 500 டால்டன் எடையுள்ள 'லூசிபர் மஞ்சள்' சாயமும் மாங்கனீசு அயனியும் முன்போலவே உள்ளே போயின. 10,000 டால்டன் டெக்ஸ்ட்ரான் மட்டும் நின்றது. அப்படியானால் துளை முழுக்க மூடவில்லை, நடுத்தர அளவுள்ள மூலக்கூறுகளுக்கு மட்டும் அடைத்திருக்கிறது.

உட்கருவுக்குள் இருக்கும் பொருள்கள் இறுகியதால் சாயம் புகவில்லை என்றும் ஒருவர் வாதிடலாம். அதற்கும் விடை வைத்திருந்தார்கள். உட்கருவின் உள்ளடக்கத்தை முழுக்க நீக்கி, வெற்று உறையை மட்டும் வைத்துச் செய்தபோதும் சாயம் புகவில்லை. ஆக, நடந்தது எதுவாக இருந்தாலும் உறையில்தான் நடந்தது.

அதே ஆண்டில் உர்ஸ் கிரேபரும் லாரி ஜெரேசும் வளர்ப்புச் செல்களில் இதே திசையில் போயிருந்தார்கள். கால்சியக் கிடங்கைக் காலி செய்ய அவர்கள் எடுத்த பொருள்களில் ஒன்று தப்ஸிகார்ஜின். மத்தியதரைக் கடலோரத்தில் வளரும் தப்ஸியா என்ற செடியிலிருந்து கிடைப்பது. கால்சியத்தை வலைக்குள் இறைக்கும் எந்திரத்தை அது முடக்கிவிடும். கிடங்கு காலியானதும் தானாகக் கசியும் மூலக்கூறுகளும் தடைப்பட்டன, சுமக்கும் புரதம் ஏற்றிச் செல்பவையும் தடைப்பட்டன. கால்சியத்தைத் திருப்பிக் கொடுத்ததும் போக்குவரத்து மீண்டது.

இடைவெளியில் இருக்கும் கால்சியம் துளையின் நடுப்பாதைக்கு எப்படிச் சேதி சொல்லும்? கிரேபர், ஜெரேஸ் இருவரிடமும் ஏற்கெனவே ஒரு துப்பு இருந்தது. ஜிபி210 என்ற துளைப் புரதம் படலத்தை ஊடுருவி நிற்கிறது. அதன் பெரும்பகுதி உறையின் இடைவெளிக்குள் நீண்டிருக்கிறது, சிறு வால் மட்டும் துளையின் பக்கம். 1992-இல் அவர்கள் அந்தப் பெரும்பகுதியைப் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடியைச் செல் தன் எண்டோபிளாச வலைக்குள்ளேயே தயாரிக்கும்படி செய்தார்கள். ஆன்டிபாடி துளையின் பாதைப் பக்கம் வரவே முடியாது. இருந்தும் உட்கருவுக்குள் புரதம் போவது குறைந்தது. மறுபக்கம் தொட்டால் இந்தப் பக்கம் உணரும் என்பதற்கு அது நேரடிச் சான்று.

கூர்முனை தொட்டுப் பார்த்த உருவம்

போக்குவரத்து தடைப்பட்டது என்பது ஒரு செய்தி. துளை உருமாறியது என்பதைக் கண்ணால் காண வேண்டாமா? 1996-இல் கிளாபம் குழு அதையும் முயன்றது. உயர்திறன் எலக்ட்ரான் நுண்ணோக்கியோடு அணுவிசை நுண்ணோக்கியையும் சேர்த்துக்கொண்டார்கள். 1986-இல் பின்னிக், குவேட், கெர்பர் மூவரும் உருவாக்கிய கருவி அது. அதில் லென்ஸ் இல்லை. மிக நுண்ணிய கூர்முனை ஒன்று பரப்பின் மேடுபள்ளங்களை வருடிச் செல்லும். முனை ஏறி இறங்குவதைக் கணினி படமாக்கும். மாதிரியை உலர்த்தி உலோகம் பூச வேண்டியதில்லை, திரவத்தில் இருந்தபடியே பார்க்கலாம்.

கிடைத்த படங்களில் துளைகள் இரு நிலைகளில் தெரிந்தன. கால்சியம் நிறைந்த உறையில் துளையின் நடுப்பாதை திறந்திருந்தது. வற்றிய உறையில் நடுவே ஒரு 'அடைப்பு' எழும்பி வழியை மறித்து நின்றது. ஹார்மோன் வந்து தட்டினால் கிடங்கு வற்றும், உட்கருவின் வாசல் சற்று நேரம் அடைபடும், ஜீன்களை எட்டும் புரதங்களின் அளவு மாறும் என்று ஓர் அழகான சங்கிலி கைக்கு எட்டியதுபோல் இருந்தது.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஊலி ஏபியின் குழு துளையின் மறுமுகத்தைப் பார்த்தது. உட்கருவின் உள்பக்கம் ஒவ்வொரு துளையிலிருந்தும் எட்டு இழைகள் கிளம்பி, சற்றுத் தள்ளி ஒரு சிறு வளையத்தில் கூடி, ஒரு கூடைபோல் ஆகின்றன. வற்றும் ஏரியில் மீன் பிடிக்கக் கவிழ்க்கும் ஊத்தாவைப் பார்த்தவர்களுக்கு இந்த வடிவம் உடனே பிடிபடும்: அகன்ற அடி, மேலே கை நுழையும் அளவுக்கு ஒரு வளையம், இரண்டையும் சேர்க்கும் குச்சிகள். 1999-இல் டானியல் ஸ்டாஃப்லரும் ஏபியும் சகாக்களும் அணுவிசை நுண்ணோக்கியால் இதே துளைகளை அடுத்தடுத்துப் படமெடுத்தார்கள். கரைசலில் கால்சியத்தைச் சேர்த்ததும் நுனி வளையம் விரிந்து திறந்தது. நீக்கியதும் சுருங்கி மூடியது. மறுபடி சேர்த்தால் மறுபடி திறந்தது. ஆனால் துளையின் வெளிமுகத்தில், கிளாபம் குழு சொன்ன அடைப்பு எழுவதும் விலகுவதும் அவர்களுக்குத் தென்படவில்லை.

உயிருள்ள செல் தந்த மறுப்பு

அதே 1999-இல் வந்த இன்னொரு கட்டுரை கதையைத் திருப்பியது. எழுதியவர்களில் ஒருவர் கிளாபமேதான். அவரும் கார்ஸ்டன் ஸ்ட்ரூபிங்கும், பச்சையாக ஒளிரும் புரதத்தை ஒட்டிய மூலக்கூறுகளை உயிருள்ள பாலூட்டிச் செல்களுக்குள் பின்தொடர்ந்தார்கள். உறையின் கால்சியக் கிடங்கைக் காலி செய்தார்கள். புரதங்கள் உட்கருவுக்குள் போவதும் வெளியே வருவதும் வழக்கம்போலத் தொடர்ந்தன. தங்கள் கருத்துக்கு எதிரான சான்றைத் தாங்களே தேடி வெளியிட்ட இந்த நேர்மையையும் குறித்துவைக்க வேண்டும்.

நடுவே தெரிந்த அடைப்பு எதனால் ஆனது என்பதிலும் சந்தேகம் வலுத்தது. அது துளையின் நிரந்தர உறுப்பாக இல்லாமல், கடந்துகொண்டிருந்தபோது பாதி வழியில் சிக்கிய சுமையாகவும், அதைச் சுற்றித் திரண்ட இழைகளாகவும் இருக்கலாம் என்று பலர் கருதினார்கள். பிரித்தெடுத்த உட்கருவில் நடப்பதும் செல்லுக்குள் நடப்பதும் ஒன்றல்ல என்ற எச்சரிக்கையும் எழுந்தது. செல்லிலிருந்து வெளியே எடுத்த உறையில் ஏ.டி.பி. ஓட்டம் இல்லை, சுற்றிலும் இழுத்துப் பிடித்திருந்த செல்சட்டகப் புரதங்கள் இல்லை, ஒட்டியிருந்த எண்டோபிளாச வலையும் அறுந்துவிட்டது.

ஆகவே கணக்கைப் பிரித்து எழுத வேண்டியிருந்தது. கால்சியம் துளையின் உருவத்தை மாற்றக்கூடியது, குறிப்பாக உள்முகக் கூடையை. இது கண்ணால் கண்டது. கால்சியம் ஒன்றே உயிருள்ள செல்லில் போக்குவரத்தை நிறுத்தும் கதவு என்பது அப்படி நிற்கவில்லை.

பிரித்து எடுத்தால் சுருங்கும் துளை

அந்த எச்சரிக்கை எவ்வளவு சரி என்பது இருபது ஆண்டு கழித்துத் தெரிந்தது. செல்லை நொடிப் பொழுதில் உறைய வைத்து, உள்ளதை உள்ளபடி முப்பரிமாணமாகப் படமெடுக்கும் உறைகுளிர் எலக்ட்ரான் டோமோகிராபி அதற்குள் வளர்ந்திருந்தது. 2021-இல் மார்ட்டின் பெக்கின் குழு ஈஸ்ட் செல்களை அப்படிப் பார்த்தது. செல்லின் ஆற்றலைத் தீர்த்துவிட்டாலோ, சுற்றியுள்ள கரைசலின் செறிவைக் கூட்டி நீரை வெளியேறச் செய்தாலோ, நடுப்பாதையின் விட்டம் பத்து நானோமீட்டருக்கும் மேல் சுருங்கியது. உறை விறைப்பாக இழுபட்டிருந்தால் துளை விரிகிறது, தளர்ந்தால் குறுகுகிறது.

மனிதச் செல்களிலும் இதே கதை. பிரித்தெடுத்த உறையில் நடுப்பாதை 40 நானோமீட்டரைச் சற்றுத் தாண்டியது. அதே துளை செல்லுக்குள் இருக்கும்போது 60-ஐ ஒட்டி இருந்தது. பல ஆண்டுகள் பாடப்புத்தகங்கள் காட்டிய உருவம், தளர்ந்த உறையில் குறுகிப்போன துளையின் உருவம். கால்சியச் சோதனைகள் பெரும்பாலும் நடந்ததும் அப்படிப்பட்ட உறைகளில்தான்.

ஜிபி210 இங்கே மறுபடி வருகிறது. 2020-ஐ ஒட்டி வந்த படங்களில், நகத்தவளைத் துளையைச் சுற்றி, உறையின் இடைவெளிக்குள், அந்தப் புரதத்தால் ஆன ஒரு முழு வளையம் தெரிந்தது. துளை எவ்வளவு விரியலாம், எவ்வளவு குறுகலாம் என்பதற்கு அது வரம்பாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. கால்சியம் தேங்கும் அதே இடைவெளியில், துளையின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு நிற்கும் வளையம் அது. 1992-இன் ஆன்டிபாடி தொட்டது இதன் ஒரு பகுதியைத்தான்.

இந்த அளவு மாற்றத்துக்கு நோயோடும் தொடர்பு உண்டு. எச்.ஐ.வி. தன் ஆர்.என்.ஏ.வைக் கூம்பு வடிவக் கூடு ஒன்றில் வைத்துக் கொண்டுவருகிறது. அதன் அகன்ற பகுதி சுமார் 60 நானோமீட்டர். 40 நானோமீட்டர் துளையில் அது போக முடியாது, வெளியிலேயே உடைந்துதான் ஆக வேண்டும் என்று நீண்ட காலம் எண்ணப்பட்டது. 2021-இல் ஹைடல்பெர்க் ஆய்வாளர்கள் நோய்த்தொற்றுள்ள டி வகை நோயெதிர்ப்புச் செல்களைப் படமெடுத்தபோது, கூம்பு உடையாமல் துளைக்குள்ளேயே இருப்பதைக் கண்டார்கள். அந்தச் செல்களின் துளைகள் சராசரியாக 64 நானோமீட்டர் அகலம். கூம்பு, துளையின் இழைகளில் உள்ள ஃபினைல்அலனின்–கிளைசின் இணைகளையும், உள்முகக் கூடையைச் சேர்ந்த நப்153 என்ற புரதத்தையும் பற்றிக்கொண்டு முன்னேறுகிறது. 2022-இல் அனுமதி பெற்ற லெனகாபவிர் என்ற மருந்து, கூம்பில் நப்153 பொருந்தும் குழியிலேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. அதை ஆண்டுக்கு இரு முறை ஊசியாகப் போட்டால் போதும்.

உட்கருத் துளையின் அகலம் எவ்வளவு என்று கேட்டால் ஓர் எண்ணைச் சொல்லி முடித்துவிடும் காலம் போய்விட்டது. எந்தச் செல், ஆற்றல் இருக்கிறதா, உறை எவ்வளவு விறைப்பு, இரு படலங்களுக்கு நடுவே எவ்வளவு கால்சியம் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. உறையைக் கேட்காமல் துளையைப் பற்றிப் பேச முடியாது என்பதை முதலில் உரக்கச் சொன்னவை அந்தக் கால்சியச் சோதனைகள்தான். அவை காட்டிய அடைப்பு கேள்விக்குள்ளானது. அவை எழுப்பிய கேள்வி நிலைத்துவிட்டது.